'மைனிங் கார்டா ப்ரோ?' - செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவல்ல!

"கார்டு மின்ட் கண்டிஷன் ப்ரோ. வீட்ல கேம் ஆட மட்டும்தான் யூஸ் பண்ணேன். மைனிங்லாம் சான்ஸே இல்ல."

2023-ல் இந்த மூன்று வாக்கியங்களை நம்பி 8,500 ரூபாய் கொடுத்தேன். 8 ஜிபி ஆர்எக்ஸ் 580 கார்டு. ஆன்லைன் விளம்பரத்தில் பார்த்தது. ஒரு மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் சந்தித்து, பபிள் ரேப்பில் சுற்றிக் கொடுத்ததை வாங்கி வந்தேன். விற்றவர் தன் போனில் ஒரு வீடியோ காட்டினார். அதில் விண்டோஸ் டெஸ்க்டாப் தெரிந்தது, ஃபேன் சுற்றியது. வீட்டில் மாட்டியதும் எனக்கும் டெஸ்க்டாப் தெரிந்தது. சந்தோஷமாக ஒரு வீடியோவை ரெண்டர் போட்டேன். ஆறாவது நிமிடத்தில் திரை முழுக்கப் பச்சையும் பிங்க்குமாகக் கட்டம் கட்டமாய் வந்தது. அப்புறம் ஒரே கறுப்பு.

விற்றவருக்கு போன் போட்டேன். முதல் தடவை ரிங் போனது. இரண்டாவது தடவையிலிருந்து ஸ்விட்ச்டு ஆஃப்.

அன்றைய என் சம்பளத்தில் அது கிட்டத்தட்ட பாதி. நண்பர்கள் எல்லாரும் சொன்ன ஆறுதல் ஒன்றுதான்: "மைனிங் கார்டா இருந்திருக்கும்டா, விடு." நானும் பல மாதங்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்தக் கார்டு மைனிங்கில் ஓடியதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் நான் செய்த தவறு என்னவென்று தெரியும். அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுத்தேன்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

கிரிப்டோ கரன்சி உச்சத்தில் இருந்த 2020 - 2022 காலத்தில், எத்தீரியம் காயினை 'மைன்' செய்ய கிராபிக்ஸ் கார்டுகள்தான் முக்கியக் கருவி. ஒரே அறையில் வரிசையாக அடுக்கி, இரவு பகலாக ஓட்டினார்கள். புதுக் கார்டுக்குத் தட்டுப்பாடு, விலை தாறுமாறு. 2022 செப்டம்பர் 15-ம் தேதி எத்தீரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டது. அதன் பிறகு அந்தக் காயினுக்கு கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை. ஒரே நாளில் வேலையிழந்த கார்டுகள் உலகம் முழுக்க செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்து சேர்ந்தன.

அதிலிருந்து பழைய கார்டு வாங்கும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி "மைனிங் கார்டா ப்ரோ?" என்பதாகிவிட்டது.

இந்தக் கேள்வியால் பெரிய பிரயோஜனம் இல்லை என்பேன். இரண்டு காரணங்கள்.

ஒன்று, பதிலைச் சரிபார்க்க வழியில்லை. காரில் ஓடோமீட்டர் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டில் இத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் எதுவும் நமக்குக் கிடைப்பதில்லை. உண்மை சொல்பவரும் 'இல்லை' என்பார், பொய் சொல்பவரும் 'இல்லை' என்பார்.

இரண்டு, மைனிங்கில் ஓடிய கார்டு என்றாலே செத்த கார்டு என்று அர்த்தமில்லை. விவரமான மைனர்கள் கரன்ட் பில்லைக் குறைக்க கார்டின் பவரைக் குறைத்து, ஒரே சீரான சூட்டில் ஓட்டினார்கள். கேம் ஆடும் கார்டோ சூடாகும், ஆறும், மறுபடி சூடாகும். இப்படி ஏறி இறங்கும் சூடுதான் சிப்புக்கு அடியில் இருக்கும் சால்டருக்கு அதிகச் சோதனை. பைபாஸில் ஒரே வேகத்தில் லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கும், தி.நகர் டிராஃபிக்கில் பிரேக் மேல் பிரேக் போட்டு ஓடிய வண்டிக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. மைனிங்கில் நிஜமாகவே அடி வாங்குவது ஃபேனும், மெமரி சிப்புகளும், அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் தெர்மல் பேடும்தான். ஃபேனையும் பேடையும் மாற்றிக்கொள்ளலாம். மெமரியை டெஸ்ட் செய்து கண்டுபிடித்துவிடலாம்.

நான் இரண்டாவதாக வாங்கியது ஒரு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். விற்றவர் எடுத்த எடுப்பிலேயே சொன்னார்: "தம்பி, இது ஒன்றரை வருஷம் மைனிங்ல ஓடுன கார்டு. ஒரு ஃபேன் மாத்தியிருக்கேன். சிஸ்டம் இங்கயே இருக்கு, எவ்ளோ நேரம் வேணும்னாலும் ஓட்டிப் பாருங்க." நாற்பது நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். நான் இன்றைக்கும் அதில்தான் எடிட் செய்கிறேன். கேம் மட்டும் ஆடிய கார்டு என் வீட்டு அட்டைப்பெட்டியில் கிடக்கிறது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: "ஃபுல் லோடுல அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாமா?"

டெஸ்க்டாப் தெரிந்தால் போதாதா?

போதாது. சந்தையில் பெரும்பாலான ஏமாற்று வேலை நடப்பதே இந்த இடத்தில்தான்.

விண்டோஸ் டெஸ்க்டாப்பைக் காட்டுவதற்கு கார்டு கிட்டத்தட்ட தூங்கிக்கொண்டே வேலை பார்க்கும். கடிகார வேகம் குறைவு, மின்சாரம் குறைவு, மெமரியில் சின்ன ஓரம் மட்டும் பயன்படும். 8 ஜிபி-யில் ஒரு சிப் கெட்டுப்போயிருந்தாலும் அந்த இடத்தைத் தொடும்வரை தெரியாது. யூடியூப் வீடியோ ஓடுவதும் இதே கணக்குதான்.

இன்னொன்றும் உண்டு. செத்த கார்டை ஹீட் கன்னால் சூடாக்கினால் சில சமயம் உயிர் வரும். சில நாள், சில வாரம் ஓடும், மறுபடி படுத்துவிடும். விற்பவருக்கு அந்தச் சில நாள் போதும். 'ஆன் ஆகுது பாருங்க' என்று காட்டும் வீடியோவுக்கு மதிப்பே இல்லை என்பது இதனால்தான்.

முதல் 5 நிமிடம்: கண்ணால் பாருங்கள்

போன் டார்ச்சை ஆன் செய்து கார்டைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

கம்ப்யூட்டருக்குள் செருகும் தங்க நிறப் பற்களில் கருகல், தேய்மானம், உடைசல் இருக்கிறதா? மூன்று ஃபேன் வைத்த கனமான கார்டு என்றால், அந்தப் பற்களின் முனையில் இருக்கும் கொக்கி மாதிரியான இடத்தைச் சுற்றி போர்டில் விரிசல் உள்ளதா? கார்டைக் கழற்றாமல் சிபியுவோடு வண்டியில் ஏற்றி இறக்கினால் இந்த இடம்தான் முதலில் விடும்.

பவர் கேபிள் மாட்டும் சாக்கெட்டில் பிளாஸ்டிக் உருகியிருந்தால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை. வாங்காதீர்கள்.

எச்டிஎம்ஐ போர்ட் இருக்கும் இரும்புத் தகட்டில் துரு பிடித்திருந்தால், ஈரக் காற்றில் பல காலம் கிடந்த கார்டு. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சிப்பைச் சுற்றி பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி ஒட்டியிருந்தால், யாரோ சால்டரிங் வேலை பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். என்ன வேலை என்று கேளுங்கள்.

தெர்மல் பேடிலிருந்து எண்ணெய் மாதிரி கசிந்திருந்தால் பயப்பட வேண்டாம். சூட்டில் அது வழக்கம்தான். ஸ்க்ரூ மேல் ஒட்டிய வாரண்டி ஸ்டிக்கர் கிழிந்திருப்பதும் குற்றமில்லை. பேஸ்ட் மாற்றத் திறந்திருப்பார்கள். ஆனால், 'சீல் பிரிக்காத கார்டு' என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூ தலை தேய்ந்திருந்தால் அது கார்டின் பிரச்னை அல்ல, சொன்னவரின் பிரச்னை.

பெயர் ஒன்று, சிப் வேறு

அடுத்து, ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள். அளவில் சின்னது, பென் டிரைவில் போட்டுக்கொண்டு போய்விடலாம். கார்டின் நிஜப் பெயர், மெமரி அளவு, கோர் எண்ணிக்கை எல்லாம் ஒரே பக்கத்தில் காட்டும்.

இது ஏன் தேவை? 2011-ல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ மாதிரியான பழைய சிப்புகளின் பயாஸை மாற்றி, 'ஜிடிஎக்ஸ் 1050 டிஐ' என்று விற்ற போலிகள் ஏராளம். விண்டோஸிலும் 1050 டிஐ என்றே பெயர் வரும். இந்தத் தொல்லை அதிகமானதால்தான் 2018-ல் ஜிபியு-இசட்டில் போலி கார்டைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் வசதியையே சேர்த்தார்கள். ஜிடிஎக்ஸ் 10 சீரிஸ் என்று சொல்லும் கார்டில் பழைய நீல நிற விஜிஏ போர்ட் இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். அந்தத் தலைமுறைச் சிப்பிலேயே அதற்கான வசதி கிடையாது.

முழுப் போலி இல்லாமல் 'அரைப் பெயர்' வியாபாரமும் உண்டு. இங்கே விற்பவரே அறியாமல் இருக்கலாம்.

ஆர்எக்ஸ் 580 என்றால் 2304 கோர். ஆனால் அதே பெயரில் 2048 கோர் உள்ள ஒரு வகையும் சந்தையில் இருக்கிறது. கோர் கணக்கில் அது ஆர்எக்ஸ் 570-தான். ஜிடிஎக்ஸ் 1060-ல் 6 ஜிபி மாடலுக்கு 1280 கோர், 3 ஜிபி மாடலுக்கு 1152. மெமரி மட்டும் குறைவு என்று நினைத்து வாங்கினால் கோரும் குறைவு. ஆர்டிஎக்ஸ் 3060-ல் 12 ஜிபி மாடலின் மெமரி பஸ் 192 பிட், பின்னால் வந்த 8 ஜிபி மாடலில் 128 பிட். வேகத்திலும் வித்தியாசம் உண்டு.

"3060 ப்ரோ" என்று மட்டும் விளம்பரத்தில் போட்டிருந்தால், எந்த 3060 என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

விலை உயர்ந்த கார்டுகளில் மோசடி இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4090-ல் மெயின் சிப்பையும் மெமரியையும் கழற்றிவிட்டு, வெறும் போர்டை ஹீட் சிங்குக்குள் மூடி விற்ற சம்பவங்கள் வெளிநாடுகளில் செய்தியாகின. கையில் தூக்கினால் எடை சரியாகவே இருக்கும். 'ஆன் பண்ண சிஸ்டம் இல்ல, அதான் விலை கம்மி' என்ற பேச்சு வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

அந்த 30 நிமிடம்

இதுதான் முக்கியமான பகுதி. வரிசையாகச் செய்யுங்கள்.

1. டிரைவர்: கார்டுக்கு உரிய டிரைவர் ஏறியிருக்கிறதா என்று டிவைஸ் மேனேஜரில் பாருங்கள். 'பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று வந்தாலோ, 'கோட் 43' பிழை வந்தாலோ கவனம். மைனிங்குக்காக பயாஸை மாற்றிய கார்டுகளிலும், நிஜமாகவே பழுதான கார்டுகளிலும் இந்தப் பிழை வரும். "டிரைவர் போட்டா சரியாயிடும்" என்றால், "போட்டுக் காட்டுங்கண்ணே" என்று சொல்லுங்கள்.

2. 3டி லோடு, 15 நிமிடம்: யூனிஜின் ஹெவன் அல்லது சூப்பர்பொசிஷன் ஓட்டுங்கள். ஃபர்மார்க் இன்னும் கடுமையானது, கார்டை அளவுக்கு மீறிச் சூடாக்கும். அதில் ஐந்து நிமிடம் போதும். திரையில் புள்ளி, கோடு, கட்டம், மினுமினுப்பு எது வந்தாலும் மெமரியிலோ சிப்பிலோ கோளாறு. ஒரு விநாடி வந்து போனாலும் கோளாறுதான். "கேபிள் லூஸ்" என்றால் கேபிளை மாற்றி இன்னொரு முறை ஓட்டுங்கள். கையோடு உங்கள் கேபிளைக் கொண்டுபோவது நல்லது.

3. சூடு: எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். லோடில் 65 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை சாதாரணம். முதல் பத்து நிமிடத்தில் ஏறி, ஒரு இடத்தில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். 'ஹாட் ஸ்பாட்' என்று காட்டும் அளவு சராசரிச் சூட்டைவிட 10 - 15 டிகிரி அதிகம் இருப்பது இயல்பு. 25-ஐத் தாண்டினால் கூலர் சரியாக உட்காரவில்லை. ஆர்டிஎக்ஸ் 3080, 3090 என்றால் மெமரிச் சூட்டையும் பாருங்கள். 110 டிகிரியைத் தொட்டால் கார்டு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஒரு சின்னக் கணக்கு. கடையில் ஏசி 24 டிகிரி. மே மாதம் உங்கள் அறையில் 36 டிகிரி. கடையில் 72 காட்டிய கார்டு வீட்டில் கிட்டத்தட்ட 84 காட்டும். அந்த 12 டிகிரியைக் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

4. ஃபேன்: காது கொடுத்துக் கேளுங்கள். காற்றுச் சத்தம் பரவாயில்லை. கரகரப்பு, டிக் டிக் சத்தம் என்றால் பேரிங் தேய்ந்துவிட்டது. மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். லோடில் எல்லா ஃபேனும் சுற்றுகிறதா என்றும் பாருங்கள்.

5. மெமரி டெஸ்ட், 10 நிமிடம்: ஓசிசிடி மென்பொருளில் விரேம் டெஸ்ட் இருக்கிறது. ஒரே ஒரு பிழை வந்தாலும் வேண்டாம் என்று எழுந்துவிடலாம். நான் முதலில் வாங்கிய கார்டு இந்த ஒரு டெஸ்டிலேயே மாட்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

6. போர்ட், ஸ்லாட்: எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் எல்லாவற்றிலும் மானிட்டரை மாற்றி மாற்றிச் செருகுங்கள். லோடு ஓடும்போது ஜிபியு-இசட்டில் 'எக்ஸ்16' என்று வருகிறதா என்றும் பாருங்கள். எக்ஸ்8, எக்ஸ்4 என்று வந்தால் பற்களில் அழுக்கோ பழுதோ இருக்கலாம். ஆனால், ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி சில கார்டுகள் பிறவியிலேயே எக்ஸ்8-தான். அவற்றில் அதைக் குறை சொல்லி விலை பேசினால் நம்மைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

'டெஸ்டிங் வாரண்டி' என்கிற வாய் வார்த்தை

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ, உங்கள் ஊர் கம்ப்யூட்டர் கடையோ, பழைய பார்ட்ஸ் கேட்டால் வரும் பதில் "டெஸ்டிங் வாரண்டி மட்டும்தான் சார்" என்பது. எத்தனை நாள்? எதற்கு? பணம் திரும்ப வருமா, வேறு கார்டா? பெரும்பாலும் பில்லில் ஒரு வரியும் இருக்காது.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. நேர்மையாக வியாபாரம் செய்யும் கடைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். "காலையில வா தம்பி, கூட்டம் இருக்காது, நிதானமா ஓட்டிப் பாரு" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். ஆனால், எழுத்தில் எதுவும் இல்லாதவரை அவர்களுக்கும் ஏமாற்றுபவர்களுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது. ஏழு நாள் வாரண்டி, கார்டின் சீரியல் நம்பர், கடை முத்திரை. இந்த மூன்றும் ஒரு துண்டுச் சீட்டில் இருந்தால் போதும். கொடுக்கும் கடைக்கு நூறு, இருநூறு ரூபாய் அதிகம் கொடுத்தாலும் தப்பில்லை. எழுதிக் கேட்பதற்கு நாம் கூச்சப்படுவதால்தான் கொடுக்காமலிருப்பது வழக்கமாகிவிட்டது.

பெட்டியில் இருக்கும் சீரியல் நம்பரும் கார்டில் இருக்கும் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். கம்பெனி வாரண்டி மீதம் இருப்பதாகச் சொன்னால் ஒரிஜினல் பில்லைக் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கார்டென்றால், இங்கே வாரண்டி செல்லுமா என்று அந்தக் கம்பெனியிலேயே கேட்டுவிடுங்கள்.

பணம் அனுப்பும் முன்

"ஆர்மில இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, அட்வான்ஸ் போட்டா பார்சல் அனுப்பிடுறேன்" என்ற கதை கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பார்க்காத பொருளுக்கு அட்வான்ஸ் வேண்டாம். உங்கள் பழைய கார்டை விற்கும்போதும் கவனம் தேவை. யுபிஐ-யில் பணம் பெறுவதற்கு கியூஆர் ஸ்கேன் செய்யவோ, பின் நம்பர் போடவோ வேண்டியதே இல்லை. போடச் சொன்னால் அது உங்கள் பணத்தை எடுக்கும் வேலை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு அதிகம்.

உங்கள் சிஸ்டத்தின் பவர் சப்ளையையும் ஒருமுறை பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட்ஸ் போதும். 3090-க்கு 350 வாட்ஸ் வேண்டும், அதற்கு 750 வாட்ஸ் பவர் சப்ளையைப் பரிந்துரைக்கிறார்கள். கார்டில் மிச்சம் பிடித்த காசு பவர் சப்ளைக்குப் போய்விடக்கூடாது. ஜிடிஎக்ஸ் 10 சீரிஸ் மாதிரி பழைய கார்டுகளுக்குப் புது கேம் டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன என்பதையும் கணக்கில் வையுங்கள். கார்டு ஓடும். ஆனால் அடுத்தடுத்து வரும் கேம்களுக்கான மேம்பாடு அதற்குக் கிடைக்காது.

யார் வாங்கக்கூடாது?

புதுக் கார்டுக்கும் பழையதுக்கும் விலை வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லையென்றால் புதுசே வாங்குங்கள் என்பது என் கருத்து. வாரண்டி என்பதும் காசுதான். கார்டு நின்றால் அன்றைய வருமானமும் நிற்கும் என்ற நிலையில் இருக்கும் ஃப்ரீலான்சர்களும் யோசிக்க வேண்டும். மற்றவர்களுக்கு, முதல் சம்பளத்தில் பிளெண்டர் கற்றுக்கொள்பவர்களுக்கும் வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கும், செகண்ட் ஹேண்ட் சந்தை நல்ல வழிதான். இன்னும் ஐந்தாறு வருடம் ஓடக்கூடிய கார்டைக் குப்பைக்கு அனுப்பாமல் இருப்பதும் நல்லதுதானே.

விற்பவர் என்ன சொன்னாலும் சரி, மைனிங்கோ கேமிங்கோ, கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் முடிவை அந்த அரை மணி நேரத்திடம் விடுங்கள். "டைம் இல்ல ப்ரோ, வேணும்னா எடுங்க, இல்லன்னா இன்னொருத்தர் வெயிட்டிங்" என்றால், அந்த இன்னொருத்தரே வாங்கிக்கொள்ளட்டும்.

2023-ல் அந்த மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் அந்த இன்னொருத்தர் நான்தான்.